மூச்சை எண்ணத் தெரியுமா?

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா? சத்தம் போடாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒரு கண், அவர் நெஞ்சின் மேல் ஒரு கண். நெஞ்சு எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. இப்படி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். "பாட்டி, உன் மூச்சை எண்ணப் போறேன்" என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். சொன்ன நொடியிலேயே கணக்கு கெட்டுப்போகும். இதயத் துடிப்பை நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது. மூச்சு அப்படியல்ல, நினைத்தால் நிறுத்தலாம், இழுக்கலாம். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் அது தானாகவே வேஷம் போட ஆரம்பித்துவிடும்.

அனுபவமுள்ள நர்ஸ்களுக்கு இந்த ரகசியம் தெரியும். நாடி பார்ப்பதுபோல நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பார்வை மட்டும் நெஞ்சில் இருக்கும். நாடி பார்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சை எண்ணி முடித்திருப்பார்கள்.

எங்கள் எதிர்வீட்டு ஆறாம் வகுப்பு மாணவியிடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தெருவையே எண்ணிவிட்டு வந்தாள்.

"பாட்டிக்குப் பதினாறு, அப்பாவுக்குப் பதினாலு, மாமா. நாய்க்குட்டிக்கு எண்ணவே முடியல, விர்ரு விர்ருன்னு போகுது."

பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருப்பது வழக்கம். உங்கள் வயதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பயப்பட வேண்டாம். நாய்க்குட்டியை விட்டுவிடுவோம்.

"சரி மாமா, இதை எண்ணி என்ன பண்றது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புப் பக்கம், தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆய்வுக் கிளை ஒன்றையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனம் ஒன்றையும் 1999-இல் இணைத்து உருவாக்கினார்கள். நோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்க்கிறவர்களும் கணக்குப் போடுகிறவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். எனக்கு இந்தச் சேர்க்கை ரொம்பப் பிடிக்கும். தமிழில் 'எண்ணுவது' என்றால் கணக்கிடுவது, யோசிப்பது இரண்டும்தானே!

இந்த நிறுவனமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து 2022 ஏப்ரலில் ஒரு வேலையைத் தொடங்கின. அதன் பெயர் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. காசநோயை டி.பி. என்றும் சொல்வார்கள். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும், மாத்திரையும் இலவசம். அப்படியிருந்தும் ஏன் பலர் இறக்கிறார்கள்? கணக்கெடுத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இறப்புகளில் பெரும்பகுதி, நோய் கண்டுபிடிக்கப்பட்ட முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அதாவது, மாத்திரை வேலை செய்து முடிப்பதற்குள் உடம்பு தோற்றுப்போகிறது. அப்படியானால் யாருக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்பதை முதல் நாளே கண்டுபிடித்து, அவர்களை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கேன் எடுக்கலாம், ரத்தத்தைப் பத்து விதமாகச் சோதிக்கலாம். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கெல்லாம் எங்கே போவது? அதனால், டாக்டர் இல்லாவிட்டாலும் ஒரு சுகாதாரப் பணியாளரே சில நிமிடங்களில் பார்த்துவிடக்கூடிய விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உயரமும் எடையும் பார்க்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடை மிகமிகக் குறைவாக இருந்தால் ஆபத்து. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெரியவர் முப்பத்தொன்றரை கிலோதான் இருக்கிறார் என்றால் நினைத்துப் பாருங்கள், உங்களில் பலர் அந்த எடை இருப்பீர்கள். அடுத்து, கால் இரண்டும் வீங்கியிருக்கிறதா, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மூச்சு. நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ, விரலில் மாட்டும் கருவி 94-க்குக் கீழே காட்டினாலோ உடனே கவனிக்க வேண்டும். மாநிலம் முழுவதற்குமாக இப்படித் தரம் பிரித்துக் காசநோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கிய முதல் மாநிலம் தமிழ்நாடுதான்.

நம் எதிர்வீட்டுப் பெண் செய்த அதே எண்ணிக்கை ஒரு மாநிலத்தின் மருத்துவத் திட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா! அது என்ன 24, அது என்ன 94? அதைப் புரிந்துகொள்ள ஆக்சிஜனோடு ஒரு பயணம் போய்விட்டு வருவோம்.

நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று உள்ளே போய், குழாய் கிளை பிரிந்து, கிளை மறுபடியும் கிளை பிரிந்து, கடைசியில் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும் குட்டிக்குட்டிக் காற்றறைகளுக்கு வந்து சேர்கிறது. ஒரு மனிதருக்குச் சராசரியாக 48 கோடி காற்றறைகள். எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் விரித்தால் கிட்டத்தட்ட ஒரு பூப்பந்து ஆடுகளத்தை மூடிவிடும். அறையின் சுவரோ, தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சுவருக்கு வெளியே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் குதிக்கிறது.

குதித்ததும் ஏறிக்கொள்ள வண்டி தயாராக இருக்கும். அந்த வண்டிக்குப் பெயர் ஹீமோகுளோபின். அம்பத்தூர் ஓ.டி.யில் ஷேர் ஆட்டோ நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? காலியாக நிற்கும் ஆட்டோவில் முதலில் ஏற யாருக்கும் மனசு வராது. ஒருவர் ஏறி உட்கார்ந்துவிட்டால் அடுத்தடுத்து ஏறி, மளமளவென்று நிரம்பிவிடும். ஹீமோகுளோபினும் அப்படியே. முதல் ஆக்சிஜன் ஏறுவதுதான் கஷ்டம். அது ஏறியதும் ஹீமோகுளோபின் தன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றி மற்றவற்றுக்கு வழி விடும். மொத்தம் நாலு சீட். நம்மூர் ஷேர் ஆட்டோ நாலு பேர் இடத்தில் எட்டுப் பேரை ஏற்றும், இது ஏற்றாது. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறக்குறைய 27 கோடி வண்டிகள் இருக்கின்றன.

விரல் கருவி காட்டும் 94, 98 எல்லாம் இந்த சீட் கணக்குதான். 98 என்றால் நூறு சீட்டில் 98 நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். 94 வரை இறங்கினால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். பூங்காவில் சறுக்கு மரத்தின் உச்சியில் சின்னதாக ஒரு சமதளம் இருக்குமே, அங்கே நிற்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். 100-க்கும் 90-க்கும் நடுவில் அந்தச் சமதளம். நுரையீரலில் ஆக்சிஜன் கணிசமாகக் குறைந்தாலும் எண் கொஞ்சமாகத்தான் இறங்கும். 90-ஐத் தாண்டிவிட்டால் சறுக்கல்தான். அதற்குப் பிறகு நுரையீரலில் கொஞ்சம் குறைந்தாலே எண் சர்ரென்று கீழே போகும். விளிம்புக்கு வருமுன்பே பையனின் சட்டையைப் பிடிக்க வேண்டும், அதனால்தான் 94.

துணிக்கு மாட்டும் கிளிப் மாதிரி இருக்கும் அந்தக் கருவி, பல்ஸ் ஆக்சிமீட்டர், வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் தக்குவோ அயோயாகி என்று ஒரு பொறியாளர் இருந்தார். இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதுமடல் வழியாக ஒளியைப் பாய்ச்சி அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து வரைகோட்டை நடுங்க வைத்தது. அந்தத் தொல்லையை ஒழித்துக்கட்ட முயன்றபோதுதான் அவருக்கு உறைத்தது. துடிக்கும்போது மாறுவது இதயத்திலிருந்து புதிதாக வரும் தமனி ரத்தம் மட்டுமே. தோல், நகம், எலும்பு எதுவும் துடிப்பதில்லையே! துடிப்பை மட்டும் பிரித்து எடுத்தால் ஊசி குத்தாமலேயே தமனி ரத்தத்தின் ஆக்சிஜனை அளந்துவிடலாம். 1974-இல் இதை வெளியிட்டார். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பளீரென்ற சிவப்பு, ஏறாத ரத்தம் மங்கலான சிவப்பு. கருவி ஒரு சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, மறுபக்கம் எது எவ்வளவு மிஞ்சி வருகிறது என்று பார்த்துக் கணக்குச் சொல்கிறது. உலகமே அவருடைய கருவியைத் தேடிக் கடை கடையாக அலைந்த 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் அயோயாகி காலமானார்.

இந்தக் கருவி கெட்டிக்காரத்தனமானது, ஆனால் ஏமாறவும் ஏமாறும். நகப்பூச்சு இருந்தால் தடுமாறும். விரல் சில்லிட்டிருந்தால் தடுமாறும். தோலின் கருமையும் அதைக் குழப்புகிறது என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தார்கள். உண்மை அளவு 88-க்கும் கீழே கிடந்தது, கறுப்பின நோயாளிகளிடம் செய்த சோதனைகளில் நூற்றுக்குச் சுமார் 12-இல். வெள்ளையரிடம் நூற்றுக்குச் சுமார் 4-இல். நம்மில் பெரும்பாலோர் மாநிறமும் கறுப்பும்தான். ஆகவே இந்தச் செய்தி நமக்கும் சேர்த்துத்தான்.

தோலை விடுங்கள். கருவி சரியாகவே சொன்னாலும் அது சொல்லாத விஷயங்கள் உண்டு. சீட் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். ஸ்டாண்டில் மொத்தம் எத்தனை ஆட்டோ நிற்கிறது என்று தெரியாது. கடுமையான ரத்தசோகை உள்ளவருக்கு ஆட்டோக்கள் பாதிதான் இருக்கும். அந்தப் பாதியும் நிரம்பியிருந்தால் கருவி 98 என்று சிரிக்கும், உடம்புக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனோ பாதிதான். ஆட்டோக்களை விரட்டி ஓட்ட வேண்டிய இதயம் சோர்ந்திருந்தாலும் இதே கதிதான். நன்றாக இருக்கும் ஒரு பெரியவருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் ஆக்சிஜன் ரத்தத்தில் புறப்பட்டுப் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்வது அதில் கால் லிட்டர். மீதி முக்கால் லிட்டர் கையிருப்பு. கடுமையான நோயில் முதலில் கரைவது அந்தக் கையிருப்புதான். எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்பதில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது பாருங்கள்!

இப்போது 24-க்கு வருவோம். நுரையீரல் கொஞ்சம் பழுதானால் உடம்பு சும்மா இருக்காது. மூச்சை வேகமாக்கும். 16 என்பது 22 ஆகும், 28 ஆகும். அந்த உழைப்பால் விரல் கருவியில் எண் 97-லேயே நிற்கும். வீட்டில் இருப்பவர்கள், "தொண்ணூத்தேழு இருக்கு, ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாகிவிடுவார்கள். நெஞ்சோ ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம்தான் ஓடும்? தசைகள் களைத்த பிறகு எண் மடமடவென்று விழும். அந்த ஓட்டத்தைக் கருவிக்கு முன்பே பிடிப்பது நம் எண்ணிக்கைதான். மாறாக, கொரோனாவில் சிலருக்கு எண் மிகவும் கீழே போயிருந்தும் மூச்சுத் திணறலே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே கருவி காப்பாற்றியது. இரண்டில் ஒன்று காட்டினாலும் போதும் என்று அயப்பாக்கத்துக்காரர்கள் வைத்திருப்பதன் நியாயம் இதுதான்.

காற்றறைகளே நீர் கோத்து மூடிக்கொண்டால் என்ன செய்வது? முகமூடி வழியாக எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் மூடிய அறைக்குள் அது நுழையாது. அந்தப் பக்கம் ஓடும் ரத்தம் காலி ஆட்டோவாகவே திரும்பிவிடும். அப்போதுதான் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இயந்திரமான வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. இங்கே ஒரு சுவையான பரிசோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 861 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இயந்திரம் பெரிய பெரிய மூச்சாகக் கொடுத்தது, மற்றதற்கு அதில் பாதியளவு சின்ன மூச்சு. முதல் சில நாட்கள் பெரிய மூச்சுக்காரர்களுக்கே ஆக்சிஜன் நன்றாக ஏறியது. கடைசியில் பார்த்தால் அவர்களில் நூற்றுக்கு 40 பேர் இறந்திருந்தார்கள், சின்ன மூச்சுக்காரர்களில் 31 பேர். காரணம் பலூன் ஊதியவர்களுக்குப் புரியும். பாதி ஒட்டிக்கொண்ட பலூனில் முழு மூச்சையும் ஊதினால், ஒட்டாத பக்கம் அளவுக்கு மீறி விரிந்து கிழியப் பார்க்கும். 2000-ஆம் ஆண்டில் வந்த இந்த முடிவுக்குப் பிறகு உலகமெங்கும் இயந்திர மூச்சின் அளவைக் குறைத்தார்கள்.

இன்னொன்று, நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் இதயமும் மற்றவையும் அதன்மேல் அழுத்தும். திருப்பிப் போட்டால் மூடிய அறைகள் திறக்கும். கடுமையான நிலையில் இருந்த 466 பேரிடம், பெரும்பாலும் பிரான்சு நாட்டு மருத்துவமனைகளில், இதைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். மல்லாந்திருந்தவர்களில் 28 நாட்களுக்குள் நூற்றுக்கு 33 பேர் இறந்தார்கள். தினமும் 16 மணி நேரமாவது குப்புறப் படுத்தவர்களில் 16 பேர். இதற்கு மருந்து ஒரு சொட்டுக்கூடச் செலவில்லை, திருப்பிப் போட நாலைந்து பேரின் கை வேண்டும், அவ்வளவுதான்.

கொரோனா வாட்டிய 2021-ஐப் பற்றி உங்கள் அண்ணன் அக்காவிடம் கேளுங்கள். இரும்பை வெட்டவும் உருக்கவும் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஆக்சிஜனை அந்த ஏப்ரலில் மத்திய அரசு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டது. மே 14 அன்று மேற்கு வங்கத்தின் துர்காப்பூரிலிருந்து 80 டன் திரவ ஆக்சிஜனோடு தண்டையார்பேட்டைக்கு ரயிலே வந்தது. மைனஸ் 183 டிகிரி குளிரில் திரவமாக வைத்திருந்தால்தான் அவ்வளவையும் ரயிலில் ஏற்ற முடியும். கூடவே 'பிளாஸ்மா வேண்டும், பிளாஸ்மா வேண்டும்' என்று எல்லோரும் அலைந்துகொண்டிருந்தார்கள். குணமானவரின் ரத்தத்தில் இருந்து எடுக்கும் மஞ்சள் நிற நீர் அது. அது நிஜமாகவே காப்பாற்றுமா?

அதற்கான விடை அப்போதே கையில் இருந்தது. 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்திருந்தது. நம் அயப்பாக்கம் நிறுவனத்தின் விஞ்ஞானியும் அந்தக் குழுவில் இருந்தார். சோதனைக்கு யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ததும் ஆக்சிஜன் அளவையும் மூச்சு எண்ணிக்கையையும் வைத்துத்தான். அதிலும் அதே 24 வருகிறது! குலுக்கல் முறையில் 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும், 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாட்களுக்குள் நிலைமை மோசமானவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 44 பேர், பெறாதவர்களில் 41 பேர். நூற்றுக்கு 19, நூற்றுக்கு 18. ஒரு வித்தியாசமும் இல்லை. ஏழாம் நாளில் பிளாஸ்மா பெற்றவர்களுக்கு மூச்சிரைப்பும் அசதியும் சற்றுக் குறைந்திருந்தன என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். 2021 மே 17 அன்று பிளாஸ்மாவைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து அரசு நீக்கியது. என்னைக் கேட்டால், ரொம்பத் தாமதம்.

எதிர்வீட்டுப் பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நான் பாட்டிக்கு எண்ணினது சும்மா விளையாட்டு இல்லையா மாமா?" என்றாள். இல்லை. பாட்டி நன்றாக இருக்கும்போது எண்ணிய அந்தப் பதினாறைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். நாளைக்குக் காய்ச்சலென்று படுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். நீங்களும் எழுதி வையுங்கள். எண்ணிக்கை 24-ஐத் தாண்டினால் பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள், விரல் கருவி என்ன காட்டினாலும் சரி. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லையென்றால் கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஆவடி, பூந்தமல்லி மாதிரி அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே சளிப் பரிசோதனைக்கும் காசு கிடையாது, மாத்திரைக்கும் காசு கிடையாது.